அச்சோடு ஒட்டிக்கொண்ட பின்சக்கரம்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின் பின்சக்கரம் கழல மாட்டேன் என்கிறதா? சம்மட்டியைத் தேடுவதற்கு முன்னால், அதைக் கழற்றத்தான் வேண்டுமா என்று ஒருமுறை பாருங்கள். முள் ஏறிய பஞ்சர் என்றால் வேண்டியதில்லை. இந்த டயர்கள் பெரும்பாலும் டியூப்லெஸ். பைக், கார் டயருக்குப் போடும் அதே ரப்பர் திரியை, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே குத்திவிடலாம். விளிம்பில் காற்று கசிந்தாலோ, ரிம் வளைந்தாலோ, ஆக்சிலின் ஆயில் சீல் ஒழுகினாலோ, சக்கரத்தை அச்சோடு பூட்டும் கீ என்ற சிறு இரும்புத் துண்டு அறுந்து, சக்கரம் சுற்றாமல் அச்சு மட்டும் சுற்றினாலோதான் கழற்றியாக வேண்டும்.

கழற்றுவது என்னவோ எளிய வேலைதான். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் ஒரு ஈ-கிளிப் தெரியும்; ஆங்கில E வடிவில், அச்சின் பள்ளத்தில் மாட்டியிருக்கும் கிளிப் அது. அதை நெம்பி எடுத்து, வாஷரை எடுத்து, சக்கரத்தை வெளியே இழுத்தால் வந்துவிட வேண்டும். காரைப் போல நான்கைந்து நட்டு கிடையாது. பெரிய ரக வண்டிகளில் நட்டு உண்டு, அவற்றில் இந்தத் தலைவலி குறைவு. நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, டயரின் பக்கவாட்டில் உதைத்தால் விட்டுவிடும். சிக்கலெல்லாம் சிறிய, நடுத்தர வண்டிகளில்தான். அவற்றில் பெரும்பாலும் 3/4 அங்குல ஆக்சில். அதன்மேல் மூன்று நான்கு அங்குல நீளமுள்ள குழாய்போல ஹப் ஏறி உட்காரும். இரண்டும் சேர்ந்து சுற்ற, நடுவே 3/16 அங்குலச் சதுர கீ ஒன்று. நூல் நுழையாத அந்த இடைவெளியில் துரு வளர்ந்துவிட்டால் இரண்டும் ஒரே இரும்பாகிவிடும்.

துரு என்பது இரும்பு தின்னப்படுவது மட்டுமில்லை. தின்னப்பட்ட இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். நாலு பக்கமும் மூடிய குழாய்க்குள் அது எங்கே போகும்? அச்சை நெரிக்கும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஏற்காடு மாதிரி மேடு பள்ளமான புல்வெளியில் வண்டி முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் போகும்போது, ஹப் கீயின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த உரசலில் மிக நுண்ணிய செம்பொடி உருவாகும். மூடியைக் கழற்றியதும் தெரியும் அந்தச் சிவப்பைப் பார்த்து, மலைச் செம்மண்தான் அப்பியிருக்கிறது என்று பலரும் துடைத்துவிட்டுப் போவார்கள். விரலில் தேய்த்துப் பார்த்தால் மண் நெறுநெறுக்கும். இந்தப் பொடி மைபோலக் கறைபிடிக்கும். அப்படிப் பிடித்தால் உள்ளே பல நாளாக வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மேலே ஏற்காட்டில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், துருவுக்குப் பனியும் சாரலும் காரணம் என்றால், கீழே சேலத்தில் வேறு காரணங்கள். புல் வெட்டி முடித்ததும் போர் தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைக் கழுவுவார்கள். உப்புத் தண்ணீர் ஹப்புக்குள் போய்க் காயும். எஸ்டேட்டுகளில் இன்னொரு தவறு உண்டு. காப்பிச் செடியின் இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையைக் கலக்கும் கொட்டகையிலேயே புல்வெட்டியையும் நிறுத்துவது. அந்தக் கலவைக்குப் போடும் மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் இரும்பின்மேல் படிந்து, பக்கத்து இரும்பை வேகமாக அரிக்கும். இலையின் துருவுக்கு வைத்த மருந்து வண்டியின் துருவுக்கு உரமாகிறது. யூரியா மூட்டையின் பக்கத்தில் நிறுத்துவதும் நல்லதில்லை.

சரி, ஒட்டிவிட்டது. இனிச் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த விசை எங்கே போய் இறங்குகிறது? ஹப்புக்கும் அச்சுக்கும் நடுவிலேயே முடிந்துவிட்டால் நல்லது. அச்சு வழியாகப் பின் கியர்பாக்ஸுக்குள் போனால் கெட்டது. இன்றைய வண்டிகள் பலவற்றில் அது ஹைட்ரோஸ்டேடிக் பெட்டி, அதாவது எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் பெட்டி. இரண்டு பாதி அலுமினிய வார்ப்பை ஒட்டிச் செய்த கூடு, உள்ளே பம்பும் மோட்டாரும். அச்சின் நுனியில் சம்மட்டியால் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளிருக்கும் பேரிங்கிலும், அச்சைப் பிடித்திருக்கும் கிளிப்பிலும், அலுமினியக் கூட்டிலும் போய் விழும். நுனியும் குடைபோல விரியும். ஈ-கிளிப் உட்காரும் பள்ளம் நசுங்கும். விரிந்த நுனிமேல் ஹப் எப்படி வெளியே வரும்? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அம்மிக்குச் சரி. இங்கே நகர்வதற்கு முன்னால் கியர்பாக்ஸ் போய்விடும். கியர்பாக்ஸுக்கும் ரிம்முக்கும் நடுவே இரண்டு கடப்பாரையை நுழைத்து நெம்புவதும் இதே தவறுதான். கூட்டில் விரிசல் விழுந்தால் அது ரிம்மைவிடப் பல மடங்கு செலவு.

வண்டியை நிறுத்துவதிலேயே பாதி வேலை இருக்கிறது. மூடியைக் கழற்றி, கீ ஓடும் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் பள்ளம் கடிகாரத்தின் 12 மணி நிலைக்கு வரும்படி நிறுத்துங்கள். எண்ணெய் உள்ளே போகும் நல்ல வழி அதுதான். மற்ற இடமெல்லாம் துரு அடைத்திருந்தாலும் கீயின் தலைமேல் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதன்பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை அலுமினியக் கூட்டின் அடியில் வைக்காதீர்கள். பின்பக்கம் டிரெய்லர் மாட்டும் இரும்புத் தகட்டுக்கோ சட்டத்துக்கோ அடியில், நடுவே ஒரு பலகை வைத்துத் தூக்குங்கள். இந்த வண்டிகள் சுமார் 200 கிலோ இருக்கும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை அடுக்குங்கள். ஹாலோ பிளாக் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

ஒட்டிய பக்கத்தை மட்டும் தூக்கினால் கூடுதல் பலன் உண்டு. அச்சின் வெளிநுனி சற்றே மேல்நோக்கிச் சாய்வதால் எண்ணெய் உள்ளே வழிந்து இறங்கும். ஒரு சாண் உயரமே போதும். அதிகம் சாய்த்தால் பெட்ரோல் மூடி வழியாக ஒழுகும்.

ஈ-கிளிப்பை எடுக்கும்போது ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு தட்டைத் திருப்புளியால் நெம்புங்கள். இல்லையென்றால் அது பறந்து புல்லுக்குள் போய்விடும், பிறகு அடுத்த வெட்டில் பிளேடுதான் அதைக் கண்டுபிடிக்கும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீ பள்ளத்தில் அடைந்திருக்கும் புல் தூசியையும் பழைய கிரீஸையும் கோணி ஊசியால் தோண்டி எடுங்கள். தூசியின்மேல் எண்ணெய் அடித்தால் தூசிதான் குடிக்கும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கடையில் துரு விடுவிக்கும் ஸ்பிரே என்றே விற்பதை வாங்கினால் போதும். தானியங்கி கியர் வண்டிகளுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தால் அதுவும் நன்றாகவே ஊடுருவும். ஆனால் இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், தீப்பொறி பட்டால் பற்றும். மண்ணெண்ணெய் மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும். பிரேக் ஆயில் வேண்டவே வேண்டாம். பெயின்டை உரிக்கும், ஆயில் சீலுக்கும் ஆகாது. எதுவானாலும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மூன்று நாள். உள்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டிய ஹப்பின் வாயிலும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஹப்பின் வெளிவிளிம்பைச் சுற்றி அரைக் கிலோ சுத்தியலால் இருபது முப்பது தட்டு தட்டுங்கள். அது கழற்றுவதற்கான அடி இல்லை. அதிர்வில் துரு நுண்ணிய விரிசல் விட வேண்டும், எண்ணெய் அந்த வழியே போக வேண்டும். அதற்கு மேல் பலத்தைக் காட்ட வேண்டாம்.

மூன்றாம் நாள் இழுப்பதற்கு முன்னால் முறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி நீளவாக்கில் இழுப்பதைவிட முறுக்குக்குச் சீக்கிரம் விடும், ஏனென்றால் 20 அங்குல டயரே ஒரு நீளமான நெம்புகோல். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, இரண்டு பின்சக்கரமும் தரையில் இருக்கும்படி சமதளத்தில் நிறுத்துங்கள். ஒரு சக்கரம் தூக்கியிருந்தால், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரன்ஷியல் அதைச் சும்மா சுற்றவிட்டுவிடும். பார்க்கிங் பிரேக் போட்டபடியே இரண்டு பேர் சேர்ந்து வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள். கீ பள்ளத்துக்குள் இருக்கும் அந்த மயிரிழை ஆட்டம்தான் நமக்கு வேண்டியது. டக் என்று ஒரு சத்தம் கேட்டால் பிடி விட்டது.

கிளிப்பைக் கழற்றிவிட்டு எட்டு போட்டு ஓட்டுங்கள், தானாகக் கழலும் என்று ஒரு வழி சொல்வார்கள். வேலை செய்யும் வழிதான். ஆனால் சக்கரம் முழுவதும் கழன்று வண்டி சாய்ந்தால் ஓட்டுகிறவர் கதி என்ன? ஏற்காட்டில் சமதளம் தேடுவதே பெரும்பாடு. இதையே பாதுகாப்பாகச் செய்யலாம். வெளிப்பக்க வாஷரை மட்டும் எடுத்துவிட்டு, ஈ-கிளிப்பைத் திரும்ப அதன் பள்ளத்தில் போட்டுவிடுங்கள். இப்போது ஹப் வெளியே வர வாஷரின் தடிமன் அளவுதான், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், இடம் இருக்கும். பிளேடை நிறுத்திவைத்து, நடை வேகத்தில் இரண்டு பக்கமும் வளைத்து ஓட்டுங்கள். ஹப் நகர்ந்து கிளிப்பில் இடித்தால் போதும். நகரத் தொடங்கிய ஹப் பிறகு கையிலேயே வரும்.

இதற்கும் அசையாவிட்டால் புல்லர், அதாவது போல்ட்டை முறுக்கி இழுத்துக் கழற்றும் கருவி. இங்கேதான் பலரும் ரிம்மைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று கால் பேரிங் புல்லரை ரிம்மின் விளிம்பில் மாட்டி முறுக்கினால், தகட்டு ரிம் கிண்ணம்போலக் குழியும். ஹப் இருந்த இடத்திலேயே இருக்கும். பிடிக்க வேண்டியது ரிம்மை இல்லை, ஹப்பின் பின்வாயை. தள்ள வேண்டியது அச்சின் நுனியை. இப்படிச் செய்தால் விசை ஹப்பில் தொடங்கி அச்சில் முடிந்துவிடும், கியர்பாக்ஸுக்கு விஷயமே தெரியாது. அதற்கான கருவி கடையில் கிடைக்காது. சேலத்தில் எந்த லேத் பட்டறையிலும் செய்துகொள்ளலாம்.

பின்தகடு 12 மி.மீ. தடிமனில், சுமார் 6 அங்குல நீளத்தில், 2 அங்குல அகலத்தில். நடுவில் 20 மி.மீ. அகலத்துக்கு ‘ப’ வடிவில் வெட்டு. அச்சு 19.05 மி.மீ. என்பதால் அது அச்சின்மேல் பக்கவாட்டில் நுழைந்து, ஹப்பின் பின்வாயில் போய் உட்காரும். வெட்டின் இரண்டு பக்கமும் போல்ட்டுக்கு ஒவ்வொரு ஓட்டை. முன்தகடும் அதே நீளம், அதே ஓட்டைகள், ஆனால் 16 மி.மீ. தடிமன் இருக்கட்டும். அதன் நடுவில் எம்16 நட்டு வெல்டிங், அதில் ஏறி அச்சின் நுனியைத் தள்ளுவதுதான் நடு போல்ட். இரண்டு தகட்டையும் இணைக்க எம்12 நீளப் போல்ட் இரண்டு, தலையில் 8.8 என்று பொறித்தவை. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதா மரை கம்பி மென்மையானது, இழுபட்டு நீளும். நடு போல்ட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், எண்ணெய் போட்ட மரையில் ஏறக்குறைய 3 டன் இழுவை கிடைக்கும். ஒவ்வொரு பக்கப் போல்ட்டும் ஒன்றரை டன் தாங்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிம்மின் நடுத்தகட்டில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் போல்ட்டை அதன் வழியே விடலாம். இல்லையென்றால் ஹப்புக்கு இருபக்கமும் நேரெதிராக 13 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். நடுத்தகடு காற்று நிற்கும் பகுதிக்கு உள்ளே இல்லை, அதனால் கசியாது. ஆனால் டிரில் சறுக்கி டயர் உட்காரும் வளையத்தைத் தொட்டால் கதை முடிந்தது.

மலைமேல் இருப்பவர்கள் பட்டறைக்காரரை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கூட்டிவரத் தேவையில்லை. நான்கு அளவை எழுதிக் கீழே அனுப்பினால் போதும்: அச்சின் விட்டம், ஹப்பின் வெளிவிட்டம், ஹப்பின் பின்வாய்க்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, ஹப்பின் பின்வாயிலிருந்து அச்சின் நுனிவரை நீளம். மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சில வண்டிகளில் அங்கே 12 மி.மீ. தகடு நுழையாது, 8 அல்லது 10தான் போகும். அப்போது அகலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மாட்டும்போது நடு போல்ட்டின் நுனிக்கும் அச்சின் நுனிக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள். முறுக்கி, இறுகியதும் நிறுத்தி, ஹப்பின் விளிம்பில் நாலு தட்டு. மறுபடி கால் சுற்று. வரவில்லையா, இழுவையோடு அப்படியே விட்டுவிட்டு எண்ணெய் அடித்துவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள். இரவு முழுவதும் இருக்கட்டும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பல நேரம் போல்ட் தளர்ந்திருக்கும், அதாவது ஹப் வந்திருக்கும். முறுக்கும்போது சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், விடும்போது துப்பாக்கிச் சத்தத்தோடு விடும்.

நெருப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று இருக்கும்போது ரிம்மைச் சூடாக்கினால் டயர் வெடிக்கும். உயிர் போயிருக்கிறது. வால்வின் உள்முள்ளைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டுவிட்டால் மட்டும் போதாது, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, அடித்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, தரையைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். அச்சின் உள்பக்கத்தில் ஈரத்துணி சுற்றுங்கள், ஆயில் சீல் கருகாமல் இருக்கும். ஹப்பை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும். இரும்பு 100 டிகிரி கூடினால் 19 மி.மீ. துளை 0.02 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். கேட்கக் கொஞ்சம்போலத் தோன்றும். துருவின் பிடியை விடுவிக்க அது போதும், ஆனால் அச்சும் சேர்ந்து சூடேறினால் அந்தக் கொஞ்சமும் கிடைக்காது. நிதானமாகக் காய்ச்சுவது வீண் வேலை. சூடு ஆறும்போது மெழுகுவர்த்தியை ஹப்பின் வாயில் தேய்த்தால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எதற்குமே மசியாத ஹப்பை வெட்டத்தான் வேண்டும். அதிலும் ஓர் இடம் இருக்கிறது. கிரைண்டரில் மெல்லிய டிஸ்க் போட்டு, கீ இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயே ஹப்பை நீளவாக்கில் பிளக்க வேண்டும். டிஸ்க் கொஞ்சம் ஆழமாகப் போனாலும் வெட்டுப்படுவது கீதான், அச்சு இல்லை. பிளந்த வாயில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் ஹப் விரியும். ரிம் போனது போனதுதான். கியர்பாக்ஸ் தப்பித்தது.

முன்சக்கரத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. அதில் கீ கிடையாது, சக்கரம் அச்சின்மேல் புஷ்ஷிலோ பேரிங்கிலோ சும்மா சுற்றுகிறது. ஒட்டினால் எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் இருபுறமும் சுற்றிக்கொண்டே இழுத்தால் வரும். புஷ் பிளாஸ்டிக்காக இருக்கலாம், அதனால் அங்கே நெருப்பு கூடவே கூடாது.

கழன்ற பிறகு அச்சை உப்புத்தாளால் சுற்றித் தேயுங்கள், இரும்பின் நிறம் வரும்வரை போதும். அரத்தால் ராவாதீர்கள், அச்சு மெலிந்தால் மறுபடியும் ஆட்டம்தான். ஹப்பின் உள்ளே உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றித் தேய்க்கலாம். கீயைப் பாருங்கள். பக்கங்களில் படி விழுந்திருந்தால் புதிது. நம் ஊர்க் கடையில் 5 மி.மீ. கீ கம்பிதான் சுலபமாகக் கிடைக்கும். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ., அந்தக் கால் மில்லிமீட்டரைச் சுத்தியலால் அடித்து ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் அடுத்த முறை ஹப்பை வெட்டுகிறார்கள். அரத்தால் ராவி, கைவிரலின் அழுத்தத்தில் உட்காரும்படி செய்யுங்கள். கீ கம்பிக்குப் பதிலாக உடைந்த டிரில் பிட்டையோ ஸ்பிரிங் பட்டையையோ வெட்டிப் போடாதீர்கள். ஏதாவது அறுக்க வேண்டி வந்தால் கீதான் அறுபட வேண்டும், பள்ளம் அல்ல.

மாட்டும்போது அச்சு முழுவதும் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள், கீயின் நான்கு பக்கமும் சேர்த்து. சாதா கிரீஸும் பரவாயில்லை, ஆனால் ஒரு மழைக்காலத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். வாஷர்களைப் படத்தில் இருந்த வரிசைப்படி போட்டு, ஈ-கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள். நெம்பி எடுத்தது ஏற்கெனவே கொஞ்சம் விரிந்திருக்கும். பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். காற்று, கையேட்டில் சொன்ன அளவு. பெரும்பாலான பின்டயர்களுக்கு 10 பி.எஸ்.ஐ. அளவுதான், பஞ்சர் கடையில் கார் டயர் கணக்கில் 30 ஏற்றிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பின்சக்கரத்தையும் கழற்றிப் பசை தடவி மாட்டினால் புல்லருக்கே வேலை இல்லை. ஏற்காட்டில் அதற்கு ஏற்ற நாள் மே மாதக் கோடைவிழா முடிந்து, புல்வெளிக்கு வரும் கூட்டம் கலைந்து, ஜூன் மழை தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒரு வாரம். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.